எட்டாம் நாள் கை

விடியுமுன் ஐஸ் கட்டிகளை எடுத்து
மேசைமேல் பரப்பி வைப்பேன்.
உடனே பெட்டியில் அடுக்கக் கூடாது,
வியர்க்க வேண்டும்.
காதோரம் வைத்துக் குலுக்கினால்
உள்ளே ஒரு மடக்கு நீர் புரள வேண்டும்.
அதற்குப் பிறகுதான் மருந்து.
உறைந்தாலும் செத்துவிடும், சூடேறினாலும்.
இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவே
மூச்சுப் பிடித்துக் கிடக்கும் பிராணி.

தேன்கனிக்கோட்டை விட்டு மேலேறும் சாலையில்
அய்யூர் மூங்கில் வளைவில்
இன்று ஒற்றை யானை.
முனிகிருஷ்ணன் எஞ்சினை அணைத்தான்.
"அது சாப்ட்டு முடிக்கட்டும் சிஸ்டர்."
மடியில் நீலப் பெட்டி.
யானைக்கு அவசரமில்லை.
பெட்டிக்குள்தான் அவசரம்
சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

இப்படி நிற்கும்போதெல்லாம்
அந்தப் பிள்ளை நினைவுக்கு வருகிறாள்.

பயிற்சி வகுப்பில், டீ வருவதற்கு முன்,
டாக்டர் போகிற போக்கில் சொன்னது:
ஐஸ் இல்லாத காலத்தில்
அம்மைப்பால் கைவிட்டுக் கை போனதாம்.
ஒரு பிள்ளையின் தோளில் கீறி வைப்பார்கள்.
எட்டாம் நாள் கொப்புளம் பழுக்கும்.
அதில் தொட்டு அடுத்த பிள்ளைக்கு.
ஊர் விட்டு ஊர் கொண்டுபோக
மருந்துக்குப் பெட்டி கிடையாது.
பிள்ளைதான் பெட்டி.

பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது.
திம்மி என்று நானே வைத்துக்கொண்டேன்.
ஆறு வயது இருக்கலாம்.
இராயக்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில்.
சொறிந்துவிடக் கூடாதென்று
வலக்கையைத் துணியால் கட்டியிருப்பார்கள்.
அவள் அம்மாவுக்குக் கொஞ்சம் கேழ்வரகு,
ஓரிரண்டு அணா.
கொப்புளம் உடைந்தால் கூலி போச்சு.
அம்மை குத்துகிறவன் ராத்திரியில்
விளக்கைத் தூக்கித் தூக்கி அவள் கையைப் பார்ப்பான்,
நான் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல.
முகத்தைப் பார்த்தானா, தெரியாது.

இறங்கிய ஊரில் கேட்டிருப்பார்கள்,
நோய் தடுக்குமா என்றல்ல.
"யாரு வூட்டுப் புள்ள இது?"
கேட்டுவிட்டுக் கதவடைத்தவர்கள் இருப்பார்கள்.
கீறி முடித்ததும் கொல்லைக்குப் போய்ச்
சாணம் தேய்த்துக் கழுவினவர்கள் இருப்பார்கள்.
கழுவாமல் விட்ட கைகளில் மட்டும்
திம்மி ஏறினாள்.
எட்டு நாளில் இன்னொரு கை.
பதினாறில் மணியக்காரர் பேரன் கை.
எந்த வம்சாவளியிலும் அவளை எழுதவில்லை.
எழுதியிருந்தால்
பாதி வட்டம் அவளுக்குப் பங்காளி.

யானை ஒரு மூங்கிலை இழுத்துக்கொண்டு
சரிவில் இறங்கிப் போனது.
மணி பதினொன்றே கால்.

பெட்டமுகிலாளம் அங்கன்வாடி.
ஏழு பிள்ளைகள் வரவேண்டும், ஐந்து.
குப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன்.
வட்டத்துக்குள் இருக்கும் சதுரம்
இன்னும் வெளுப்புதான்.
கறுத்தால் மருந்து குப்பைக்கு.
திம்மி மேல் அந்தச் சதுரத்தை
எங்கே ஒட்டியிருந்தார்கள்?

மாதேவி பிள்ளையைத் தரமாட்டேன் என்கிறாள்.
போன தடவை ஊசி போட்டுக் காய்ச்சல்.
"நீங்க எறங்கிப் போயிட்டீங்க.
நாந்தான முழிச்சிருந்தேன்."
உண்மை. பதிலில்லை.
சிரப் பாட்டிலைத் தந்தேன்.
அட்டையின் பின்புறம் போன் நம்பரை எழுதி
"எத்தன மணின்னாலும் கூப்பிடு" என்றேன்.
இங்கே சிக்னல் கிடையாது.
இரண்டு பேருக்கும் தெரியும்.
எழுதிய எண்களை விரலால் தடவிப் பார்த்தாள்.
பிறகு தோளிலிருந்து
சட்டையை இறக்கிவிட்டாள்.

வீரிட்டான். அடங்கினான்.
மூக்குச்சளியோடு
மறு கையால் குத்திய இடத்தைத் தேடினான்.
மாதேவி சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

விடு, என்றேன்.
தொட்டுப் பார்க்கட்டும்.
இதிலிருந்து எடுத்து
யாருக்கும் வைக்கப்போவதில்லை.
இந்தக் கை அவனுக்கே.